ஒரு விடை கீழே

"செருப்புக் கடைன்னு வச்சுக்கோங்க பாய்," என்றாள் மங்கையர்க்கரசி.

ரபீக் பாய் அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பினார். மின்சார ஜீப்கள் மலைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், வளைவு வந்தால் அவருடைய இடது கை இல்லாத கியரைத் தேடி ஒருமுறை அசைந்துவிட்டுத்தான் அடங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நடக்கும் நெகிழ்தேர்வு என்பது என்ன என்று அவர் பேச்சுக்குத்தான் கேட்டார். பேச்சுக்குக் கேட்டவரிடமும் பாதியில் விட்டுவிட மங்கையர்க்கரசிக்கு வராது. ரயிலில் வந்த அலுப்பு, அதற்கு முன்பே சேர்ந்திருந்த ஒரு வருட அலுப்பு, எல்லாம் தோளில் உட்கார்ந்திருந்தன. ஆனாலும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவள் குரல் நிமிர்ந்துகொள்ளும்.

"நீங்க கடைக்குள்ள போறீங்க. கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் ஏழாம் நம்பரை எடுத்துப் போடுறார். இறுக்குது. ஒன்பது கொடுக்கிறார். தொளதொளன்னு இருக்கு. எட்டு சரியா உட்காருது. மூணே ஜோடியில உங்க கால் அளவு தெரிஞ்சுபோச்சு. அந்தக் காலத்துப் பரீட்சை எப்படின்னா, கடையில இருக்கிற அத்தனை செருப்பையும் எல்லாரும் ஒரே நாள்ல போட்டுப் பார்க்கணும்."

"எல்லாருக்கும் கடிக்கும்."

"அதேதான். இப்ப பிள்ளை சரியாச் சொன்னா அடுத்த கேள்வி கொஞ்சம் கஷ்டமா வரும். தப்பாச் சொன்னா கொஞ்சம் சுலபமா வரும். ஏறி இறங்கி ஒரு இடத்துல நிக்கும். அதுதான் அந்தப் பிள்ளையோட அளவு. தமிழ், கணக்கு, இங்கிலீஷ், மூணுக்கும் இப்படித்தான். இன்னிக்கே எழுதணும்னும் இல்ல. தேர்வு மாசத்துல எந்த நாள் மனசு சரியா இருக்கோ அந்த நாள் தொடுதிரைப் பலகையை எடுத்துக்கிட்டு உட்காரலாம். காய்ச்சலா, அடுத்த வாரம். அம்மாகூடச் சண்டையா, நாளைக்கு. பயமே இல்ல, ஃபெயிலும் இல்ல."

"செருப்புக்கு நம்பர் யாரு போடுறது?"

மங்கையர்க்கரசி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மாநில அளவீட்டு மையத்தில் அவளுடைய வேலையே அதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் அது எவ்வளவு கஷ்டம் என்று எடை கட்டுவது. இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"கால்தான் போடுது பாய். ஒரு கேள்வியை மாநிலம் முழுக்கப் பிள்ளைங்ககிட்ட கொடுக்கிறோம். நிறையப் பேர் தப்பு பண்ணினா அது பெரிய நம்பர். நிறையப் பேர் சரியாச் சொன்னா சின்ன நம்பர். பிள்ளைங்களை வச்சுக் கேள்வியை அளக்கிறோம். அந்தக் கேள்வியை வச்சு மறுபடி பிள்ளைங்களை அளக்கிறோம்."

ரபீக் பாய் கொஞ்சம் யோசித்தார். "விரலை மடக்கிக்கிட்டு சின்னச் செருப்புக்குள்ள காலை விட்டா?"

"நடந்தா வலிக்குமே! வேணும்னு யாரு அப்படிப் பண்ணுவா?"

"அதுவும் சரிதான்," என்றார் அவர். எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கி நின்றுவிட்டு, மறுபடி ஏறத் தொடங்கியதும் வேறு பேச்சு எடுத்தார். "எனக்கு ஒண்ணு புரியல மேடம். போன வருஷம் முழுக்க இந்த வண்டியில மூக்குக் கண்ணாடிப் பெட்டியாத்தான் ஏத்தினேன். எஸ்டேட் ஸ்கூலுங்களுக்கு. இந்த மலைப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் கண்ணு மங்குது?"

"மூடுபனி இருக்கு. வகுப்புல வெளிச்சம் பத்தாது. சாப்பாட்டுல சத்துக் குறைவு. இதுக்கு ஆய்வே நடந்திருக்கு பாய்."

"பச்சையைப் பார்த்தா கண்ணுக்கு நல்லதும்பாங்க. இங்க வேற என்ன இருக்கு பார்க்க?"

சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவுகள் சீவிவிட்ட தலைபோல இறங்கிக்கொண்டிருந்தன.

மேல்சோலை எஸ்டேட் பள்ளிக்கு அவள் போவதற்குக் காரணம் ஒரு நேர்கோடு.

தேர்வு முடிந்ததும் பலகை மதிப்பெண் காட்டாது. படம் காட்டும். விதை, முளை, செடி, மரம், தோப்பு என்று ஐந்து படங்கள். எந்த வகுப்பை எடுத்தாலும் ஒன்றிரண்டு விதை இருக்கும், ஒரு தோப்பு இருக்கும், நடுவில் கூட்டமாக மற்றவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவர் அளவுக்கும் புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால் மலைப் பாதை மாதிரி ஏறி இறங்கும். பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் மேல்சோலையின் ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு முளையைத் தவிர எல்லாருமே செடி. தமிழில் செடி, கணக்கில் செடி, இங்கிலீஷில் செடி. அவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கி, இன்றுவரை அப்படியே. அறுத்துவிட்ட வயல் மாதிரி ஒரே மட்டம்.

போன வருடம் இதைப் பார்க்க வேதநாயகம் சார் வந்துபோனார். மையத்தில் அவளுக்கு மேலே இருந்தவர். புள்ளிக்குப் பிறகு வரும் மூன்றாவது எண் தப்பானாலும் சாப்பிடாமல் உட்கார்ந்து தேடுகிற மனிதர். "பார்வைக் குறைபாடு" என்று காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். கண்ணாடிகள் போயின. மட்டம் அப்படியே இருந்தது. அதனால் இப்போது இவள்.

பள்ளிக்கூடம் நீளமான ஓர் அறை. ஞானப்பிரகாசம் சார் ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தும், ஓய்வு பெற்றுவிட்ட முகம். வாசலில் வந்து நின்று, அவள் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"அட்டை ஏறியிருக்கு மேடம். உப்பு எடுத்துட்டு வரேன்."

கணுக்காலில் ரத்தம் குடித்துக் கொழுத்துக்கொண்டிருந்த அட்டை உப்புப் பட்டதும் சுருண்டு விழுந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுடைய பின்பக்கச் சுவரில் ஆணி வரிசை. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு மூக்குக் கண்ணாடி தொங்கியது. ஒருவர் மூக்கிலும் இல்லை.

"ஏன் சார் யாரும் போடல?"

"போட்டா தலை சுத்துதுங்கறாங்க."

மங்கையர்க்கரசி தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டி, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம் எட்ட நின்றே வாசிக்கச் சொன்னாள். இரட்டைப் பின்னல் போட்ட அந்தப் பெண், துர்கா, கம்பெனி விலாசத்திலிருந்து ஆரம்பித்து, "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்பதுவரை கடகடவென்று வாசித்துவிட்டு, "எட்டாத இடத்துலதான் மிஸ் வச்சிருக்கீங்க," என்றாள். வகுப்பு மறுபடி சிரித்தது.

பார்வைக் குறைபாடு இல்லை. வேதநாயகம் சார் தவறு செய்துவிட்டார். அவர் தவறு செய்வாரா? அது அவளுக்கு உள்ளே முள்ளாக நின்றது.

ஆசிரியர் தலையிடுகிறாரோ என்று அடுத்து சந்தேகம். அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஞானப்பிரகாசம் சார் ஒன்றாம் வகுப்புக்கு ஆனா எழுதிக் காட்டப் போய்விட்டார். பெரிய பிள்ளைகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"சாமு இன்னிக்கு எழுதுறான்," என்று துர்கா யாரிடமோ சொன்னாள்.

சாமுவேல் துர்காவுக்கு முன் பெஞ்சில் இருந்தான். உருண்டை முகம், பாதி மூடிய கண்கள். சின்ன வயதில் வந்த வலிப்புக்கு இன்னும் மாத்திரை சாப்பிடுகிறவன், அதனால் காலையில் எப்போதும் ஒரு தூக்கம் இருக்கும் என்று ஆசிரியர் பிறகு சொன்னார். அவன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசைய வாசித்தான். ஒரு கூட்டலுக்கு விரல்களையெல்லாம் செலவழித்து, போதாமல் பக்கத்திலிருந்தவன் விரலையும் கடன் வாங்கினான். கடைசியில் பலகை மணியடித்து ஒரு படம் காட்டியது. முளை.

அவன் அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை மங்கையர்க்கரசி முதலில் சரியாகக் கவனிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து யாருக்கும் வராத மனசு, சாமுவேல் முடித்ததும் எல்லாருக்கும் வந்துவிட்டது.

அவள் துர்காவின் பின்னால் போய் நின்றாள். திரையில் இருந்த கேள்வி அவளே எடை கட்டியது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? நான்கு விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. துர்கா பெஞ்சின் மேல் விரலால் எதையோ கிறுக்கினாள். ஆறு என்று எழுதினாள், கோடு போட்டாள், மேலே ஐந்து எழுதினாள். கை 'ஆறில் ஐந்து' என்ற விடைக்கு நேராகப் போனது. அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு விடை கீழே இறங்கி 'ஆறில் ஒன்று' என்பதைத் தொட்டது.

பலகை அவளுக்குச் சுலபமான கேள்வி ஒன்றைக் கொடுத்தது. அதற்குச் சரியாகச் சொன்னாள். கொஞ்சம் கடினமானது வந்தது. மறுபடி கிறுக்கல், மறுபடி கை சரியான விடைவரை போய் நின்று, ஒன்று கீழே இறங்கியது.

மணி அடித்தது. செடி.

மங்கையர்க்கரசி தன் இடத்துக்குத் திரும்பி, இந்தப் பிள்ளைகளின் பழைய விடைகளைத் தன் கருவியில் திறந்தாள். கேள்வி தயாரிக்கிறவர்கள் ஒரு தவறான விடையைச் சும்மா எழுதிவிட மாட்டார்கள். அதற்கும் கணக்கு உண்டு. பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளை மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 'ஐந்தில் இரண்டு' என்று சொல்லும். அதற்காகவே 'ஐந்தில் இரண்டு' அங்கே இருக்கும். 'ஆறில் ஒன்று' மட்டும் வெறுமனே இடத்தை நிரப்ப வைத்தது. மாநிலத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. மேல்சோலையில் தவறு செய்த எல்லாரும் அதைத்தான் தொட்டிருந்தார்கள்.

தமிழைப் பார்த்தாள். இங்கிலீஷைப் பார்த்தாள். மூன்று வருடத்துத் தவறுகளில் கை தவறியவை சில, உண்மையாகவே தெரியாதவை சில. மற்றதெல்லாம் ஒரே விதி. சரியான விடைக்கு ஒன்று கீழே. சரியான விடை கடைசியில் இருந்தால், சுற்றிவந்து முதலாவது. தவறுகள் ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன. இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்ய வேண்டுமானால் சரியான விடை ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு விட்டதும் பிள்ளைகள் தட்டுகளைக் கழுவிக்கொண்டு எடை போடும் கொட்டகைப் பக்கம் ஓடினார்கள். அம்மாக்கள் காலை முழுக்க வெட்டிய பச்சை இலையைச் சாக்கில் கொண்டுவந்து எடை போடும் நேரம். மங்கையர்க்கரசி துர்காவோடு போய் ஓரமாக நின்றாள்.

"ஏன் ஒண்ணு கீழ தொடுற?"

துர்கா உடனே ஓடிவிடப் பார்த்தாள். பிறகு ஓடி என்ன ஆகப் போகிறது என்பதுபோல நின்றாள்.

"சார் சொல்லிக் கொடுத்தாரா?"

"சாரா? சாருக்கு ஒண்ணும் தெரியாது மிஸ். அவருக்கு அவரு கண்ணாடியே எங்க வச்சாருன்னு தெரியாது."

"அப்ப யாரு?"

"நாங்கதான். ஏதாச்சும் ஒண்ணை இஷ்டத்துக்குத் தப்பாத் தொடலாம்னு பார்த்தோம். அப்படித் தொட்டா சில சமயம் தப்பா நினைச்சது சரியாயிடுது. மரம் வரப் பார்த்துச்சு ஒருத்தனுக்கு. அதான் ஒண்ணு கீழன்னு வச்சுக்கிட்டோம். அப்பதான் உறுதியாத் தப்பாகும்."

"எதுக்கு?"

துர்கா அவளை, இது தெரியாதா என்று பார்த்தாள். "நாங்க மரம் ஆனா சாமு ரெண்டு படம் பின்னாடி போயிடுவான்ல."

மங்கையர்க்கரசிக்கு அந்த விதி தெரியும். தன் வகுப்பில் பெரும்பாலோரைவிட இரண்டு படம் பின்தங்கும் பிள்ளையைப் பொள்ளாச்சியிலுள்ள துணைமையத்தில் சேர்க்க வேண்டும். அங்கேயே தங்கி, அவரவர் வேகத்துக்கு அவரவர் பாடம். வேகமான பிள்ளைகள் நடுவில் மெதுவான பிள்ளை கூனிக்குறுகி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று நல்ல எண்ணத்தில் போட்ட விதி.

"அங்க நல்லாத்தானே பார்த்துக்குவாங்க?"

"நிவேதாவைக் கூட்டிட்டுப் போனாங்க மிஸ். ரெண்டாம் வகுப்புல. எங்க லைன்ல பக்கத்து வீடுதான். லீவுக்கு வந்தப்ப எங்களைப் பார்த்துட்டுக் கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா. அவளுக்கு நல்லா வாசிக்க வருது இப்ப. ஆனா யார்கிட்டயும் பேச மாட்டேங்குறா."

கொட்டகையில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒருத்தி நிற்க முடியாமல் சாக்கின்மேலேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவளுடைய சாக்கு பாதிதான் நிறைந்திருந்தது. முன்னால் இருந்தவள் பேச்சோடு பேச்சாகத் தன் சாக்கிலிருந்து இரண்டு கை இலையை அள்ளி அதில் போட்டாள். பின்னால் இருந்தவளும் போட்டாள். அப்படியே நான்கைந்து பேர். எடை போடும் சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து வானத்தை அண்ணாந்து, "மழை வரும் போல," என்றார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

"இலைன்னா தள்ளி விட்டுடலாம்," என்றாள் துர்கா. "மார்க்கைத் தள்ளி விட முடியல. அதான் எங்களுதைக் குறைச்சுக்கிட்டோம்."

"உனக்கு எந்தப் படம் வரும் துர்கா? நிஜமா எழுதினா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். வகுப்பில் சிரிக்க வைத்த வாய் இப்போது கொஞ்சம் இறுகியிருந்தது.

"தெரியாது மிஸ். நான் போய்ப் பார்த்ததில்ல."

"பார்க்கணும்னு ஆசை இல்லையா?"

"இருக்கு," என்றாள். அவ்வளவுதான். அம்மா கூப்பிட்டாள், போய்விட்டாள்.

மங்கையர்க்கரசி அங்கேயே நின்றாள். தோப்பு வரும் பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளிகளில் இடம் உண்டு, விடுதி உண்டு. அதுவும் அதே விதித் தொகுப்பில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் விரல் ஒவ்வொரு தடவையும் சரியான விடைமேல் ஒரு நொடி நின்றுவிட்டுப் போனதை நினைத்தாள். அந்த ஒரு நொடிக்கு எந்தத் திரையிலும் எடை இல்லை.

பள்ளிக்குத் திரும்பியபோது சாமுவேல் மட்டும் வாசற்படியில் இருந்தான். கூழாங்கற்களை இரண்டிரண்டாக நகர்த்திக்கொண்டிருந்தான்.

"மிஸ், ஒண்ணு கேட்கட்டா? செடி வரணும்னா இன்னும் எவ்ளோ சரியாச் சொல்லணும்?"

"எதுக்குடா?"

"நான் செடிக்குப் போயிட்டேன்னா அவங்கள்லாம் மரத்துக்குப் போகலாம்ல. துர்காவுக்குப் பாவம். தப்பாத் தொட்டா அவளுக்குத் தலை வலிக்கும்." ஒரு கல்லை நகர்த்தினான். "நான் தினம் போட்டுப் பார்க்கிறேன். சாயங்காலம் ஆச்சுன்னா மறந்துடுது."

அவள் குனிந்து, உருண்டுபோன ஒரு கல்லை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவனுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். அதைச் சொல்லிவிடத்தான் இத்தனை வருடம் படித்திருந்தாள்.

உள்ளே ஞானப்பிரகாசம் சார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்காத மூலையில் ஏழாம் வகுப்புக் கணக்கு ஒன்று பாதி தெரிந்தது. அது பிள்ளைகளின் கையெழுத்து.

"சார், உங்களுக்குத் தெரியும்."

அவர் திரும்பவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். தெரிஞ்சா நான் எழுதித் தரணும். அதனால தெரியாது." துடைத்துக்கொண்டே சொன்னார். "பலகைக்கு வெளிய நான் எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துடறேன். கேட்டா ஆசையாத்தான் கத்துக்குதுங்க. காட்டிக்க மாட்டேங்குதுங்க, அவ்வளவுதான்."

"துர்கா வாழ்க்கை என்ன ஆகும்? அவளை யாராவது கேட்டீங்களா?"

"கேட்டேன்." துணியை உதறினார். சுண்ணாம்புத் தூள் பறந்தது. "என்கிட்ட சொன்ன அதே பதிலைத்தான் உங்ககிட்டயும் சொல்லியிருப்பா. எனக்கு ராத்திரி தூக்கம் வராது மேடம். உங்களுக்கும் இனிமே வராது."

அப்புறம், விருந்தாளிக்குச் செய்யாமல் விட்டது நினைவுக்கு வந்தவர்போல, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

இறங்கும்போது ரபீக் பாய் ஒரு வளைவில் தானாகவே வண்டியை ஓரம் கட்டினார்.

"இங்கதான் சிக்னல் கிடைக்கும் மேடம். ரிப்போர்ட் போடுறவங்க எல்லாரும் இங்கதான் நிறுத்தச் சொல்லுவாங்க. போன தடவை வந்த பெரியவரும் இதே இடத்துலதான். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் தனக்குத்தானே சிரிச்சாரு. உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்."

மங்கையர்க்கரசி கருவியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழே, வெகு ஆழத்தில், ஆழியாறு அணை ஒரு கைக்கண்ணாடி அளவுக்குத் தெரிந்தது.

உண்மையை எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் ஒரு பொறிதான், படிப்படியாக ஓடும். மூன்று வருட விடைகள் ரத்தாகும். மேல்சோலைப் பலகைகளில், விரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்துத் தவறை ஏற்காமல் திருப்பி அனுப்பும் புதிய பூட்டு ஒன்றைப் போடுவார்கள். பிள்ளைகள் மறுபடி எழுதுவார்கள். மரங்களும் ஒரு தோப்பும் முளைக்கும். அடுத்த வாரமே பொள்ளாச்சியிலிருந்து ஒரு வண்டி வந்து சாமுவேலை ஏற்றிக்கொள்ளும். கூழாங்கற்களைக் கொண்டுபோக விடுவார்களோ என்னவோ.

எழுதாவிட்டால்? துர்கா இந்த வருடமும் செடி. அதோடு நிற்காது. அரையும் மூன்றில் ஒன்றும் என்ற கேள்விக்கு அவள் கட்டிய எடை பொய். இந்த வகுப்பின் மடக்கிய விரல்களும் சேர்ந்துதான் அந்த நம்பரைப் போட்டிருந்தன. எங்கோ சமவெளியில் ஒரு பிள்ளை அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது, அதன் அளவும் இம்மியளவு கோணும். ஒரு வகுப்பால் அப்படி ஒன்றும் ஆகிவிடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தன் அளவுகோல் ரப்பரால் ஆனது என்று தெரிந்த தச்சனைப்போல உட்கார்ந்திருந்தாள்.

அறிக்கைப் படிவமும் நெகிழ்வானதுதான். மையம் தன் ஊழியர்களையும் அப்படித்தான் கேட்கும். முதல் கேள்வி திரையில் வந்தது.

மட்டத்துக்குக் காரணம் என்ன?

ஆசிரியர் தலையீடு.
மாணவர்கள் தெரிந்தே தவறாக விடையளித்தல்.
பார்வைக் குறைபாடு.
கருவிக் கோளாறு.

அவள் விரல் இரண்டாவது விடைக்கு நேராகப் போனது. அங்கே நின்றது.

நின்ற இடத்திலேயே, அதற்கு ஒன்று கீழே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தாள்.

மூன்றாவது எண் தப்பானாலும் சாப்பிடாத மனிதர். ஒரு நாள் முழுக்க அந்த அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்திருப்பார். எறும்பு எழுத்தை வாசிக்கச் சொல்லியிருப்பார். எடை போடும் கொட்டகைக்கும் போயிருப்பார். அவர் தவறு செய்யவே இல்லை. வானத்தை அண்ணாந்து, மழை வரும் போல என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அலுத்துப்போன சிரிப்பு, சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. ரபீக் பாய் கவலையோடு திரும்பிப் பார்த்தார்.

விரல் ஒன்று கீழே இறங்கியது. பார்வைக் குறைபாடு.

படிவம் அவளுக்குச் சுலபமான கேள்வி ஒன்றைக் கொடுத்தது. முன்பு வழங்கிய கண்ணாடிகளின் திறன் போதவில்லை எனக் கருதலாமா? ஆம். பிறகு அதைவிடச் சுலபமானது. பள்ளியில் குடிநீர் வசதி உள்ளதா? ஆம். நன்றி, ஆய்வு முடிந்தது என்று சொல்லிவிட்டுத் திரை அணைந்தது.

வண்டி மறுபடி இறங்கத் தொடங்கியது. வளைவில் ரபீக் பாயின் இடது கை காற்றில் அசைந்து அடங்கியது.

"என்ன மேடம் எழுதினீங்க?"

"கண்ணாடி வரும் பாய். இன்னொரு லோடு."

"மறுபடியுமா?" அவர் உச்சுக் கொட்டினார். "இந்த ஒரு எஸ்டேட்டுக்கா, இல்ல எல்லாத்துக்குமா?"

அவள் சன்னல் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பினாள். காலையில் இவர் சொன்னது அப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது.

"எல்லாத்துக்கும்னா? எந்தெந்த எஸ்டேட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க பாய்?"

"அது கிடக்கு நிறைய," என்றார் ரபீக் பாய் உற்சாகமாக. "மேல்சோலை, கீழ்சோலை, புலிக்கல், குரங்குமுடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு. அதுக்கப்புறம் நம்ம தம்பி வண்டியில நீலகிரிப் பக்கம். அவன் மச்சான் கடற்கரைப் பக்கம் உப்பளத்து ஸ்கூலுக்கெல்லாம் ஏத்தினான். செங்கல் சூளைப் பக்கம்கூடப் போச்சுன்னு சொன்னான்..."

மங்கையர்க்கரசி கருவியைப் பையில் போட்டு மூடினாள். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, சமவெளியின் சூடு சன்னல் வழியாக உள்ளே வந்தது. ரபீக் பாய் சொல்லிக்கொண்டிருந்த ஊர்ப் பெயர்கள் அப்போதும் தீரவில்லை.